ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும்: டிரைவுக்குப் பெயர் வைப்பது முதல் பூட் மெனு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், ஈரோடு, கோவை என்று கம்ப்யூட்டர் வேலையாகப் போகிற இடமெல்லாம் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதும் கேட்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். நல்ல நிலையில் ஓடுகிற பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது, அது நியாயம்தான். அவரவர் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் பேசும் என்பதால் முதல் முறை வரிசையாகவே படியுங்கள்.

டூயல் பூட்னா என்னங்க? ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுமுங்களா?

ஓடாது. டூயல் பூட் என்றால் விண்டோஸையும், அதைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச சிஸ்டமான லினக்ஸையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்துப் போட்டு வைப்பது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஒரு மெனு வரும், அதில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அது மட்டும் ஓடும். மற்றது டிஸ்க்கில் சும்மா கிடக்கும். அதனால்தான் வேகம் குறைவதில்லை. ஓடுகிற சிஸ்டத்துக்கு முழு ரேமும் முழு பிராசஸரும் கிடைக்கும். குறைவது டிஸ்க்கில் உள்ள இடம் மட்டும்தான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தன. நம் பக்கத்து வீடுகளில் அந்த லேப்டாப்பை வைத்துப் படித்த பிள்ளைகள் பலர் அந்த மெனுவைப் பார்த்திருப்பார்கள்.

நான் டேலி மட்டுந்தான் போடறேன் தம்பி. எனக்கு இது தேவைதானா?

தேவையில்லைங்க. டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. கணக்கு, ரிட்டர்ன், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவைதான் உங்கள் நாள் முழுக்க வேலை என்றால் விண்டோஸிலேயே இருங்கள். எம்பிராய்டரி டிசைன் போடுகிற வில்காம், அழைப்பிதழ் அடிக்கிற கோரல்டிரா, சிஎன்சி பட்டறையில் ஓடும் சாலிட்வொர்க்ஸ் எல்லாமே இதே கதைதான்.

விண்டோஸை விடவும் முடியாது, லினக்ஸும் வேண்டும் என்கிறவர்களுக்கே டூயல் பூட். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் முதல் வகை. ஆபீஸ் வேலைக்கு விண்டோஸை வைத்துக்கொண்டு, இன்டர்நெட், பேங்க் வேலை எல்லாவற்றையும் அப்டேட் தொடர்ந்து வருகிற ஒரு சிஸ்டத்தில் செய்ய நினைப்பவர்கள் இரண்டாவது வகை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இல்லாத கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

டி டிரைவுக்குப் பேரு மாத்துனா உள்ள இருக்கற ஃபைல் எல்லாம் அழிஞ்சு போயிருமுங்களா?

அழியாது. பெயர் என்பது வாசலில் மாட்டுகிற பலகை. பலகையை மாற்றினால் வீட்டுக்குள் இருக்கும் பண்ட பாத்திரம் எங்கும் போகாது. ‘திஸ் பிசி’யைத் திறந்து, டிரைவ் மேல் ஒரு கிளிக் செய்து, எஃப்2 அழுத்திப் புதுப் பெயரை அடியுங்கள். அவ்வளவுதான்.

ரைட் கிளிக் செய்து மாற்றுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதே மெனுவில் ‘ரீநேம்’ இருக்கிறது, ‘ஃபார்மேட்’டும் இருக்கிறது. ஃபார்மேட் பெட்டி திறந்தால் அதிலும் பெயர் அடிக்கிற இடம் ஒன்று இருக்கும். அங்கே பெயரை அடித்துவிட்டு ஸ்டார்ட் அழுத்தினால் பெயரும் மாறும், உள்ளே இருந்ததும் போகும். எஃப்2 சொன்னதற்குக் காரணம் அதுதான்.

பேரு வேற, எழுத்து வேறயா? ‘டி’ங்கறதை ‘எஃப்’னு மாத்தலாமுங்களா?

வேறு வேறுதான். ஒரு பார்ட்டிஷனுக்கு, அதாவது டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதிக்கு, மூன்று அடையாளங்கள் உண்டு. நாம் வைக்கும் பெயர் ஒன்று, விண்டோஸ் கொடுக்கும் எழுத்து ஒன்று, ஃபார்மேட் செய்யும்போது தானாக உருவாகும் யுயுஐடி என்கிற நீள அடையாள எண் ஒன்று. பெயரும் எண்ணும் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும். எழுத்து அப்படி இல்லை, அது அந்த விண்டோஸின் சொந்தக் குறிப்பேட்டில் மட்டும் இருக்கிறது. அதனால்தான் லினக்ஸுக்குப் போனால் சி, டி எதுவும் தெரிவதில்லை. இரண்டாவதாக இன்னொரு விண்டோஸ் போட்டால் அதுவும் தன் இஷ்டத்துக்கு எழுத்து கொடுக்கும். எங்கே போனாலும் மாறாமல் தெரிவது நீங்கள் வைத்த பெயர். டூயல் பூட் போடும் முன் பெயர் வையுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எழுத்தை மாற்றலாம். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்கிற கருவியில் அந்த பார்ட்டிஷனை ரைட் கிளிக் செய்தால் எழுத்தை மாற்றும் வசதி வரும். ஆனால் டேலி டேட்டா டியில் இருந்து, நீங்கள் அதை எஃப் ஆக்கினால், டேலி பழைய இடத்தில் தேடிவிட்டுக் கம்பெனியைக் காணோம் என்று சொல்லும். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டுகளும் அப்படித்தான். டேட்டா எங்கும் போயிருக்காது, வழிதான் மாறியிருக்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிற சியின் எழுத்தை மட்டும் மாற்ற விடாது. அந்தக் காலத்தில் ஏ, பி இரண்டையும் ஃபிளாப்பிக்கு ஒதுக்கியதால்தான் ஹார்ட் டிஸ்க் சியில் தொடங்குகிறது.

என்ன பேரு வைக்கறதுங்க? தமிழ்ல வைக்கலாமா?

உள்ளே என்ன இருக்கிறதோ அதுவே பெயர். கணக்கு இருந்தால் கணக்கு, டிசைன் இருந்தால் டிசைன். ‘நியூ வால்யூம்’ என்று விண்டோஸ் தானாக வைத்த பெயரிலேயே இரண்டு மூன்று டிரைவ் வைத்திருப்பவர்கள் நிறைய. இன்ஸ்டால் செய்கிற அன்றைக்கு அதைவிட ஆபத்தானது வேறில்லை.

தமிழில் வைக்கலாமா என்றால், டிரைவ் எந்த ஃபார்மேட் வகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் 32 எழுத்துக்குறி வரை, தமிழ் உட்பட எதுவும் ஏற்கும். பென்டிரைவ்களில் உள்ள ஃபேட்32-இல் 11 இடம்தான், தமிழ் வராது. லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் 16 பைட் வரைதான் இடம். யுனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும், புள்ளியும் கொம்பும் தனிக்குறியாகவே எண்ணப்படும். ‘படம்’ என்பது 12 பைட், இடம் பிடிக்கும். ‘கணக்கு’ என்பது 18 பைட், அதனால் ஏற்காது. போதாக்குறைக்கு, சிஸ்டம் கிளம்பாமல் கருப்புத் திரையில் நின்றால் அங்கே தமிழ் எழுத்து வெறும் கட்டமாகத் தெரியலாம். ஆகவே ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்குத் தமிழில் தாராளமாக வைக்கலாம்.

லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணி வைக்கோணுமுங்க?

முதலில் பேக்கப். டேலி டேட்டா, டிசைன் ஃபைல்கள், குழந்தைகளின் போட்டோ எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். அதே கம்ப்யூட்டரின் இன்னொரு டிரைவில் எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது. அதற்கப்புறம் எல்லா டிரைவுக்கும் பெயர் வையுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, தெரிகிற படத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர், எத்தனை ஜிபி, எந்த வரிசை என்பது கையில் இருக்கும்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் ஹோமில் இதற்கு ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று பெயர். புது லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் நமக்குத் தெரியாமலே அது ஓடத் தொடங்கியிருக்கும். பூட் அமைப்பில் கை வைத்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அது இல்லையென்றால் டேட்டா போனது போனதுதான், எந்தக் கடைக்காரராலும் எடுக்க முடியாது. வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். எந்த மெயில் ஐடி போட்டு கணக்கு திறந்தார்கள் என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கடையில் ஆள் திறந்து கொடுத்தது என்றால் இன்னும் சிக்கல். முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதுங்கள், அல்லது என்கிரிப்ஷனை முழுதாக நிறுத்திவிடுங்கள். அது தீரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அப்புறம் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை எடுத்துவிடுங்கள், காரணம் கீழே வரும். கடைசியாக கரண்ட். பார்ட்டிஷனைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டா பாழாகும். பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கிற நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். லேப்டாப்புக்கு முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் மாட்டி வையுங்கள்.

சும்மா பென்டிரைவ்ல ஓட்டிப் பார்க்கலாமுங்களா?

கண்டிப்பாகப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் அல்லது வென்டாய் என்கிற மென்பொருள் கொண்டு, லினக்ஸின் வகைகளான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றி, அதிலிருந்தே ஓட்டலாம். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் நீங்களாகத் தொடாத வரை எதுவும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, உங்கள் பிரிண்டர் பிரிண்ட் எடுக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரை மறக்காதீர்கள். ஆபீஸ்களில் இருக்கும் பழைய சின்ன லேசர் பிரிண்டர்கள் சில லினக்ஸில் சுலபத்தில் ஓடாது.

சி டிரைவ்ல 200 ஜிபி சும்மா கெடக்குது. ஆனா 20 ஜிபிக்கு மேல குறைக்க மாட்டேங்குதுங்க, ஏனுங்க?

டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவைக் குறைக்கும் ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கடைசியில் இருந்துதான் இடத்தை வெட்டும். நகர்த்த முடியாத ஒரு ஃபைல் நடுவில் உட்கார்ந்திருந்தால் அதோடு நின்றுவிடும். விண்டோஸ் தன் வேலைக்காக வைத்திருக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் சேமிப்பு மூன்றும்தான் வழக்கமாக வழி மறிப்பவை. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் திரும்ப இயக்கிவிடுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து குறைப்பதே நல்லது.

எவ்வளவு வேண்டும் என்றால், உபுண்டு குறைந்தது 25 ஜிபி கேட்கும். நிம்மதியாகப் புழங்க 60 முதல் 80 ஜிபி கொடுங்கள். வெட்டிய இடத்தைப் புது டிரைவாக ஃபார்மேட் செய்ய வேண்டாம். ‘அன்அலொகேட்டட்’ என்று கருப்புப் பட்டையாக அப்படியே இருக்கட்டும்.

மொதல்ல எதைப் போடறதுங்க?

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. லினக்ஸ் வழக்கமாக ஏற்கெனவே இருப்பதைத் தேடிப் பார்த்து மெனுவில் சேர்க்கும். விண்டோஸ் அப்படிச் செய்யாது, தன்னை முதலில் நிறுத்திக்கொள்ளும்.

இன்ஸ்டால் பண்றப்ப சி, டி எதையுமே காணோங்க. என்னமோ எஸ்டிஏன்னு காட்டுது. எதைத் தொடறது?

டேட்டாவைப் பறிகொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் திரையில்தான் பறிகொடுக்கிறார்கள். அதனால் மெதுவாகப் பார்ப்போம். லினக்ஸில் சாட்டா டிஸ்க் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும், அதில் உள்ள பார்ட்டிஷன்கள் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று போகும். என்விஎம்இ வகை எம்.2 எஸ்எஸ்டி என்றால் என்விஎம்இ0என்1 என்று தொடங்கி, பார்ட்டிஷனுக்கு பி1, பி2 சேரும். பென்டிரைவும் எஸ்டிபி என்று வரலாம். ஒரு டிஸ்க் கூடினால் குறைந்தால் இந்த எழுத்துகள் மாறவும் மாறும். ஆகவே எழுத்தை நம்பாதீர்கள், பெயரையும் அளவையும் பாருங்கள்.

அளவிலும் ஒரு குழப்பம் வரும். ‘1 டிபி’ டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், லினக்ஸ் 1000 ஜிபி என்று காட்டும். 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 238. டிஸ்க் ஒன்றுதான், எண்ணும் முறைதான் வேறு. 200 ஜிபி டிரைவ்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அளவை வைத்துப் பிரிக்கவே முடியாது, அங்கேதான் நீங்கள் வைத்த பெயர் கைகொடுக்கும். இன்ஸ்டாலர் சிலவற்றின் பெயரைக் காட்டாது. அப்போது பென்டிரைவில் ஓடுகிற அதே லினக்ஸில் ‘டிஸ்க்ஸ்’ என்கிற செயலியைத் திறந்தால் பெயர், அளவு, அடையாள எண் மூன்றையும் சேர்த்துக் காட்டும். போனில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவு’ என்கிற வழி வந்தால் அதையே எடுங்கள். ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்பது முழு டிஸ்க்கையும் துடைக்கும், சியை மட்டும் அல்ல. கையாலேயே பிரிப்பதென்றால் காலி இடத்தை மட்டும் தொடுங்கள். 100 எம்பி அளவில் ஃபேட்32-இல் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும், சில கம்ப்யூட்டர்களில் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். அதைப் பயன்படுத்தச் சொல்லலாம், ஃபார்மேட் டிக் மட்டும் விழக் கூடாது. இரண்டு சிஸ்டமும் கிளம்புவதற்கான ஃபைல்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

என்ற லேப்டாப்புல எஸ்எஸ்டியே காட்ட மாட்டேங்குது அண்ணா. கெட்டுப் போச்சுங்களா?

விண்டோஸ் ஓடுகிறதல்லவா, அப்படியென்றால் எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது. இன்டெல் லேப்டாப்புகள் சிலவற்றில் பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கிற, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பு முறை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருக்கும். அந்த முறையில் இன்ஸ்டாலர் டிஸ்க்கைப் பார்க்காமல் போவது உண்டு. அதை ஏஹெச்சிஐ ஆக மாற்ற வேண்டும்.

ஆனால் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நிற்கும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்கிற அமைப்புக் கருவியைத் திறந்து, அடுத்த முறை அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் கிளம்பும்படி வையுங்கள். ரீஸ்டார்ட் செய்யும்போது நேராக பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் புது முறைக்கான டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் மோடை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். பிட்லாக்கர் எண் கையில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

போட்டு முடிச்சாச்சுங்க. ஆனா மெனுவே வராம நேரா விண்டோஸ்தான் வருது.

பூட் வரிசையில் விண்டோஸ் முன்னால் நிற்கிறது. ஆன் செய்ததும் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஆசஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப் விடாமல் தட்டுங்கள். பட்டியலில் உபுண்டு என்ற பெயர் இருந்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது, பயாஸில் அதை மேலே ஏற்றினால் போதும்.

இதற்கு நேர்மாறாக, லினக்ஸ் வருகிறது, மெனுவில் விண்டோஸ் இல்லை என்றால், லினக்ஸின் பூட் மெனுவைக் காட்டும் க்ரப்பைப் பாருங்கள். 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. க்ரப்பின் அமைப்பு ஃபைலில் அதை இயக்கிவிட்டு க்ரப்பை அப்டேட் செய்தால் விண்டோஸ் மெனுவில் வந்துவிடும்.

ரெண்டு விண்டோஸ் போட்டிருக்கறேன். மெனுவுல ரெண்டும் ஒரே பேர்ல வருது. டிரைவ் பேரை மாத்தியும் மாற மாட்டேங்குது.

மாறாது. டிரைவின் பெயரும் மெனுவில் வரும் பெயரும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. விண்டோஸின் பூட் மெனுப் பெயர் பிசிடி என்கிற தனிச் சேமிப்பில் உள்ளது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிசிடிஎடிட் கட்டளையால் ஒவ்வொன்றின் விளக்கத்தையும் மாற்றலாம். ‘கணக்கு விண்டோஸ்’, ‘டிசைன் விண்டோஸ்’ என்று வைத்தால் காலையில் ஆபீஸ் திறக்கிற பையனுக்கும் புரியும். க்ரப் மெனுவில் உள்ள பெயரை மாற்ற க்ரப்பில் தனிப்பதிவு எழுத வேண்டும்.

மேக்கில் மட்டும் டிஸ்க்கின் பெயரே தொடக்கத் திரையில் தெரியும், அங்கே பெயரை மாற்றினால் அதுவும் மாறும். மேக்கில் விண்டோஸ் போடலாமா என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் மூலம் முடியும். 2020 கடைசியில் தொடங்கி வந்த எம் வரிசைச் சிப் மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது.

லினக்ஸ்ல டி டிரைவைத் தெறந்தா படிக்க மட்டுந்தான் முடியுது. சேவ் ஆக மாட்டேங்குது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். அது இயக்கத்தில் இருந்தால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை, பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் டிரைவில் எழுதினால் கலைந்து போகும் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. நமக்கு நல்லதுதான் செய்கிறது. வற்புறுத்தி எழுத வைக்கும் வழிகளை யாராவது சொன்னால் செய்யாதீர்கள்.

முன்பு நிறுத்தினேனே என்பீர்கள். சில பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அது திரும்ப இயங்கத் தொடங்குவது உண்டு, போய்ப் பாருங்கள். அவசரத்துக்கு விண்டோஸில் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து அங்கிருந்து லினக்ஸுக்கு வந்தால் போதும். ரீஸ்டார்ட்டில் இந்தப் பாதி உறக்கம் கிடையாது. மற்றபடி என்டிஎஃப்எஸ்ஸில் எழுதுவது லினக்ஸுக்கு நெடுநாள் பழக்கம். 2021-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.15 பதிப்பில் அதற்கான டிரைவர் உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி மட்டும் போடாதீர்கள். லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் அந்த ஃபைலைத் திறக்கத் திணறும்.

லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்கு வந்தா மணி தப்பாக் காட்டுது. சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி. பேட்டரி போச்சுங்களா?

பேட்டரி போனால் இப்படிச் சரியாக 5:30 என்று பிசகாது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். அடுத்து லினக்ஸுக்குப் போனால் அங்கே 5:30 கூடுதலாகக் காட்டக்கூடும். இன்டர்நெட் இருந்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் தன்னைச் சரி செய்துகொள்ளும், அதற்குள் போட்ட பில் போட்டதுதான்.

மணிதானே என்று விட்டுவிடாதீர்கள். விடிகாலை 4 மணிக்கே பில் போடத் தொடங்குகிற பூ மண்டி, காய்கறி மண்டி என்று வையுங்கள். விண்டோஸ் அப்போது முந்தின நாள் இரவு 10:30 என்று காட்டும். கம்ப்யூட்டர் தேதியை எடுத்துக்கொள்கிற பில்லிங் சாஃப்ட்வேராக இருந்தால் பில்லில் நேற்றைய தேதி விழும். அது ஏப்ரல் 1-ஆம் தேதி விடிகாலையாக இருந்தால் பில் மார்ச் 31-க்குப் போய், போன நிதியாண்டுக் கணக்கில் ஏறிவிடும். ஆடிட்டர் கேட்கும்போது காரணம் சொல்லித் தீராது.

தீர்வு சுலபம், இரண்டில் ஒன்று செய்தால் போதும், இரண்டையும் செய்யக் கூடாது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் ‘செட் லோக்கல் ஆர்டிசி’யை 1 ஆக்கினால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல் டைம் இஸ் யுனிவர்சல்’ என்கிற மதிப்பைச் சேர்க்கலாம். ரெஜிஸ்ட்ரியைத் தொடப் பயமாக இருந்தால் முதல் வழியே போதும்.

விண்டோஸ் அப்டேட் ஆனதும் லினக்ஸ் காணாம போச்சுங்க. மறுபடி மொதல்ல இருந்து போடோணுமா?

அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம். பெரும்பாலும் பூட் வரிசைதான் மாறியிருக்கும், மெனு வராதவருக்குச் சொன்ன வழியில் எஃப்12 பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் உபுண்டு இருந்து, கிளம்பும்போது ‘செக்யூரிட்டி பாலிசி’ மீறல் என்று எழுதி நின்றால் அது, நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் ஓட விடும் செக்யூர் பூட் சம்பந்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல நாடுகளிலும் டூயல் பூட் கம்ப்யூட்டர்களில் இதே தொல்லை வந்தது. பழைய லினக்ஸ் பூட் ஃபைல்களை அந்த அப்டேட் ஏற்க மறுத்துவிட்டது. பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டும் செய்து பாருங்கள். அங்கேயும் பிட்லாக்கர் எண் கேட்கலாம், அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

தமிழ் டைப்பிங் ரெண்டுலயும் வருமுங்களா?

யுனிகோடில் அடிப்பவருக்குக் கவலையே இல்லை. தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இரண்டு சிஸ்டத்திலும் உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற டிடிபி கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த ஃபைல்கள் மலைபோல இருக்கும். அவை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அந்த வேலையை விண்டோஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு டிஸ்க் வெச்சு ஒண்ணுல விண்டோஸ், ஒண்ணுல லினக்ஸ்னு போட்டா நல்லதுங்களா?

டெஸ்க்டாப்பில் இடம் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. லினக்ஸுக்குச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று தனியாகப் போட்டுவிட்டால் ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும். நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால், லினக்ஸை இரண்டாவது டிஸ்க்கில் போடச் சொன்னாலும் பூட் ஃபைல்களை மட்டும் முதல் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிற இன்ஸ்டாலர்கள் உண்டு. பின்னால் ஒரு நாள் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றினால் லினக்ஸும் கிளம்பாது.

லினக்ஸ் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். பார்ட்டிஷனை டெலிட் பண்ணுனா போதுமுங்களா?

அதை முதலில் செய்யக் கூடாது. க்ரப் முன்னால் நிற்கும்போது அதன் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த முறை கருப்புத் திரையில் ‘க்ரப்’ என்று மட்டும் வந்து நிற்கும். முதலில் பயாஸில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை மேலே ஏற்றி, நேராக விண்டோஸ் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழியுங்கள். அதற்கு எழுத்து இருக்காது, அளவையும் பழைய போட்டோவையும் வைத்துக் கண்டுபிடியுங்கள். இஎஃப்ஐ, ரெகவரி இரண்டையும் தொடாதீர்கள்.

கிடைத்த இடத்தைச் சியோடு சேர்க்க, அது சிக்கு உடனே வலப்பக்கம் இருந்தால்தான் ‘எக்ஸ்டெண்ட்’ வேலை செய்யும். நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் இருந்தால் சேராது. அந்த இடத்தில் புது டிரைவ் ஒன்று உருவாக்கிப் பெயர் வைத்துக்கொள்வதே சுலபம்.

இவ்வளவு வேலை பார்க்க முடியாது அண்ணா. காலேஜ் லேபுக்கு மட்டும் லினக்ஸ் வேணும்.

அப்படியென்றால் டூயல் பூட்டே வேண்டாம் தம்பி. விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் என்கிற வசதி 2016-இலிருந்து இருக்கிறது. சி புரோகிராம், பைத்தான், ஷெல் பழக அது போதும். முழுத் திரையோடு லினக்ஸ் வேண்டுமென்றால், விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல லினக்ஸை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ். அதற்கு 8 ஜிபி ரேமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து திணறும். கிராபிக்ஸ் கார்டை முழுதாகப் பயன்படுத்தும் பிராஜெக்ட், ரோபோ வேலை என்று வரும்போது டூயல் பூட்டுக்கு வரலாம்.

பழைய டிஸ்க்கை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு குளோன் பண்ணுனேன். ரெண்டையும் மாட்டி வெச்சா ஒரு நாள் புதுசுல இருந்து வருது, ஒரு நாள் பழசுல இருந்து வருது. ஏனுங்க?

குளோன் செய்யும்போது பெயரோடு சேர்த்து, முன்பு சொன்ன யுயுஐடி எண்ணும் அப்படியே நகலாகிவிடும். லினக்ஸ் தன் பார்ட்டிஷனை அந்த எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். நேற்று சேவ் செய்த ஃபைலை இன்று காணோம் என்பது இப்படித்தான் வருகிறது, அது மற்ற டிஸ்க்கில் இருக்கும். விண்டோஸ் என்றால், ஒரே அடையாளம் உள்ள இரண்டாவது டிஸ்க்கை ‘ஆஃப்லைன்’ என்று ஒதுக்கி வைத்துவிடும்.

குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதிலிருந்து மட்டும் கிளப்பி, இரண்டு சிஸ்டமும் சரியாக ஓடுகிறதா என்று சில நாள் பாருங்கள். இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கும் ஃபைல்கள் இருந்தால் பழையதை யுஎஸ்பி கேஸில் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு அங்கேயே முழு டிஸ்க்கையும் துடைத்து, பார்ட்டிஷன் அமைப்பையும் புதிதாக உருவாக்கி ஃபார்மேட் செய்து, ‘பேக்கப்’ என்று புதுப் பெயர் வைத்தால் அடையாள எண்களும் புதிதாகிவிடும். அதற்கப்புறம் இரண்டையும் ஒன்றாக மாட்டலாம்.